மூன்றரை முழம் நடந்த முளை

கடலூரை விட்டுத் தெற்கு நோக்கி, கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு வருகிறவர்க்குச் செம்மங்குப்பத்துப் புகைபோக்கிகள் பின்னே சிறுத்து மறையும். சவுக்குத் தோப்புகள் இருபுறமும் நெருங்கி வந்து, ஊசியிலைகளின் ஓயாத இரைச்சலால் கடல் இங்கேதான் இருக்கிறதோ என்று செவியை ஏமாற்றும். அந்தத் தோப்புகளும் ஓரிடத்தில் ஒதுங்கி வழிவிட, எதிரே அகன்று கிடக்கும் வெள்ளாறு. தை மாதத்து விடியலில் அந்த ஆற்றின்மேல் பனி இறங்கிப் படுத்திருக்க, அக்கரைப் பனைகள் தலை மட்டும் காட்டி நிற்க, தென்மேற்கே வெகுதொலைவில் தில்லைக் கோபுரங்கள் நான்கும் கழுத்தளவு பாலில் இறங்கிய களிறுகள்போல் முடிகளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கதிரவன் கடலிலிருந்து எழுந்து முதலில் கோபுர முடிகளுக்கும், பின்பு பனைகளுக்கும், எல்லாவற்றுக்கும் கடைசியிலேயே மாந்தர்க்கும் ஒளி கொடுப்பான்.

கற்றறிந்த பெரியோரே, அந்த அழகில் மயங்கி நின்றுவிடாதீர்கள். அழகாய் இருப்பதெல்லாம் நல்லதென்று எவன் சொன்னான்? அந்த ஆறுதான் சென்ற கார்த்திகையில் பெருகி வந்து, தென்கரையை அறுத்து விழுங்கி, ஆலங்கரை என்னும் சிற்றூரின் படுகை நிலங்களின்மேல் இடுப்பளவு வண்டலை வாரிப் போட்டு, வரப்புகளைக் கரைத்து, எல்லைக்கற்களைப் புதைத்து, ஒன்றும் அறியாததுபோல் மார்கழியில் தன் தடத்துக்குத் திரும்பிக்கொண்டது. ஆறு போய்விட்டது, ஆற்றால் விளைந்த வழக்குப் போகவில்லை. கல் இருந்தவரைக்கும் உறவு இருந்தது. கல் போன மறுநாளே உறவும் போயிற்று.

அந்த வழக்கின் ஒருபுறத்தில் இருந்தவர் கொளஞ்சியப்பன். எழுபத்திரண்டு அகவை, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், கூட்டல் மட்டும் பிழையின்றிச் செய்வார், கழித்தலில் அவர்க்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை என்பதே அவர் வீட்டுப் பக்கம் வராத விருந்தாளி. மருத்துவர் கொடுத்த மாத்திரையில் பாதியை உடைத்து முதலில் ஆட்டுக்குக் கொடுத்துப் பார்த்தவர் அவர். ஆடு நலமாய்த் துள்ளியதைக் கண்டபின்பும், "ஆட்டுக்கு நோவு இல்ல, அதான் ஒண்ணும் பண்ணல" என்று மற்றப் பாதியைக் குப்பையில் எறிந்தார். அவர் வாழ்நாளில் மூன்றுமுறை அவர் நிலத்தை அளந்தார்கள். மூன்றுமுறையும் அந்த நிலம் மூன்று வேறு நிலமாயிற்று. ஆகவே தோளில் கருவி சுமந்து வருகிற எவனும், திரும்பிப் போகையில் நம் மண்ணில் கொஞ்சம் சுமந்துகொண்டுதான் போவான் என்பது அவர் கண்ட முடிபு.

மறுபுறத்தில் இருந்தவர் சின்னையன். கொளஞ்சியப்பனின் மனைவி பட்டம்மாளுக்கு உடன்பிறந்த தம்பி. மேற்கே கொளஞ்சியப்பன் கொல்லை, கிழக்கே சின்னையன் கொல்லை. இரண்டுக்கும் நடுவே, பதினெட்டு ஆண்டுகட்கு முன் கொளஞ்சியப்பன் தோண்டிய ஆழ்துளைக் கிணறு. கடலுக்கு இவ்வளவு அருகில் எவர் தோண்டினாலும் உவர்நீரே ஊற, அந்த ஒரு துளையில் மட்டும் இளநீர் போன்ற நன்னீர் ஏறியது. அதனால்தான் மல்லாட்டை என்று ஊரார் சொல்லும் நிலக்கடலைச் செடி அவர் மணலிலும் தழைத்தது. வெள்ளத்துக்குப் பின்பு சின்னையன் தனியாள் ஒருவனை அமர்த்திக் கயிறு பிடித்து அளக்கச் செய்து, கிணற்றுக்கு மேற்கே நாற்பது முழம் வரை தன் நிலமென்றார். கொளஞ்சியப்பனோ, கிணற்றுக்குக் கிழக்கே முப்பது முழம் தன் நிலமென்றார். நிலத்தைவிட நீரே பெரிது. அந்தக் கிணறு யாருடையது என்பதே வழக்கு.

சிதம்பரத்து அலுவலர் ஒன்பது நாள் கெடு வைத்து, அரசு அளவர் ஒருவரை அனுப்பினார். வந்தவள் அறிவுமதி, முப்பது அகவைப் பெண். செயற்கைக்கோளோடு பேசும் புதுக்கருவியும், ஒளியால் தொலைவளக்கும் கருவியும் வெள்ளம் உடைத்த பெரிய கரைகளுக்குப் போய்விட, அவளுக்கு எஞ்சியது அலமாரியில் கிடந்த, முக்காலியில் நிறுத்தித் தொலைநோக்கி வழியே பார்க்கும் கோணமானி ஒன்று. அதற்குத் தொலைவு தெரியாது. கோணம் மட்டுமே தெரியும். அதனோடு ஓர் எஃகு நாடாவும், ஐம்பது கடந்த அன்புமணி என்னும் துணையாளும்தான் அவளுக்கு.

முதல் மூன்று நாள் அவள் பெட்டியைத் திறக்கவே இல்லை. தென்கரையிலும் வடகரையிலும் நடந்தாள், நின்றாள், கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தாள், தாளில் கோடு கிழித்தாள், கிழித்ததை அடித்தாள். ஊர்ப் பொதுநீர்த் தொட்டியின் ஏணியில் ஏறி இறங்கினாள். இதையெல்லாம் தன் கொல்லையில் குந்தியிருந்தபடி பார்த்த கொளஞ்சியப்பனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"யோவ் அன்புமணி, அந்தப் பொட்டிக்குள்ள மிசினு இருக்குதா, செங்கல்லு இருக்குதா?"

"ஏன் பெரியவரே?"

"மூணு நாளா பூச்சாண்டி மாதிரி சுத்துறீங்க, ஒரு அடி அளக்கல. சின்னையன் வூட்டுல மீன் கொழம்பு ருசியா இருக்குதோ?"

"அந்த மேடம் யாரு வூட்டுலயும் தண்ணி கூட வாங்கிக் குடிக்காது. நீ வேணா ஒரு சொம்பு குடுத்துப் பாரு."

அவர் கொடுக்கவில்லை. பட்டம்மாள் கொடுத்தாள், "பொட்டப்புள்ள வெயில்ல காயுது, வழக்கு தீர்ற வரைக்கும் தாகம் எடுக்கக் கூடாதுன்னு சட்டமா?" என்று கணவரின் காதில் விழும்படியே கேட்டுக் கொடுத்தாள். அறிவுமதி சிரித்து, தன் குடுவையைக் காட்டி மறுத்துவிட்டாள்.

ஆற்றோரத்தில் உயர்ந்த மணற்றிட்டு ஒன்று உண்டு. அதன்மேல் ஏறினால் இரு கரையும் உள்ளங்கை நெல்லியாய்த் தெரியும். அறிவுமதி அதன்மேல் அரைநாள் நின்றுவிட்டு, அந்த இடம் வேண்டாமென்று இறங்கியபோது கொளஞ்சியப்பனால் பொறுக்க முடியவில்லை. நல்ல இடத்தை விட்டுவிட்டுக் கெட்ட இடத்தைத் தேடுகிறவர் எவரும் ஏதோ ஒன்றை மறைக்கிறவர் என்று எண்ணி, நேரே போய்க் கேட்டார்.

"ஏம்மா, இங்க நின்னா ஊரே தெரியுது. இத வுட்டுட்டு எங்க போற?"

அவள் சினக்கவில்லை. அவர் தோளிலிருந்த மாட்டுக்கயிற்றைக் கேட்டு வாங்கினாள். அன்புமணியிடம் இருந்த மற்றொரு கயிற்றையும் எடுத்தாள். இரண்டையும் மணலில், ஒன்றை ஒன்று மிகச் சாய்வாய் வெட்டும்படி நீளக் கிடத்தி, "இது ரெண்டும் எந்த எடத்துல சேருதோ அங்க ஒரு குச்சிய நடுங்க ஐயா" என்றாள். அவர் குனிந்தார். கயிறும் கயிறும் ஒட்டிக்கொண்டு ஒரு சாண் நீளம் ஒன்றாகவே ஓடின. இங்கே என்றால் இங்கே. அங்கே என்றால் அங்கே. அவள் கயிறுகளைத் திருப்பிக் கூட்டல் குறிபோல் குறுக்கே போட்டாள். இப்போது ஐயமே இல்லை, ஒரே புள்ளி.

"அந்தத் திட்டுலேருந்து பாத்தா எல்லாம் தெரியுதுங்க. ஆனா முக்கோணம் சப்பையாயிடும். சப்பை முக்கோணத்துல கண்ணு ஒரு மயிரெழை தப்புனா, எடம் ஒரு முழம் தப்பும். அது தப்புனது நமக்கே தெரியாது. அதான் நடந்துகிட்டே இருக்கேன்."

கொளஞ்சியப்பன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஆயினும் அன்று மாலை, எவரும் பாராத நேரத்தில், இரண்டு ஈர்க்குகளை எடுத்துத் தரையில் போட்டுச் சாய்த்தும் நிமிர்த்தும் அவர் பார்த்ததைப் பட்டம்மாள் அடுக்களையிலிருந்து பார்த்தாள்.

நான்காம் நாள் அவள் திட்டம் உருப்பெற்றது. ஆறு நிலைகள். ஊர்ச்சாலை நேராய் ஓடும் இடத்தில் இரண்டு. அவற்றின் நடுத்தொலைவை மட்டும் எஃகு நாடாவால் விடியலில் ஒருமுறையும், நண்பகலில் ஒருமுறையும், மாலையில் ஒருமுறையும் அளந்தாள். அதுவே அடித்தளக் கோடு. நீர்த்தொட்டியின் உச்சியில் ஒன்று, கொளஞ்சியப்பன் கொல்லையில் ஒன்று, வடகரையில் இரண்டு. ஒவ்வொரு நிலையும் மற்ற நிலைகளுள் மூன்றையாவது காணும். ஒவ்வொரு முக்கோணமும் அடுத்ததோடு ஒரு பக்கத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். எதுவும் ஊசியாய் மெலியாது, எதுவும் தட்டாய்ப் பரவாது. வெள்ளம் தொடாத மேட்டில் எஞ்சியிருந்த பழைய எல்லைக்கற்கள் மூன்றையும் இந்த வலையில் கட்டிவிட்டால், புதைந்த கல் எங்கே நின்றது என்பதைப் பழைய நிலப்படத்தைக் கொண்டு கணக்கே சொல்லிவிடும். ஆற்றில் கால் நனையாமல், ஒரு கோட்டை மட்டும் அளந்து, மற்றக் கோடுகளையெல்லாம் வெறுங்கோணங்களால் பிடிக்கும் அந்த வலையை எவர் கண்டாலும் வியப்பர். மீன் வலையில் ஓட்டையும் உண்டு. இதில் ஒவ்வொரு கண்ணும் மற்றக் கண்ணைக் காவல் காக்கும்.

கொளஞ்சியப்பன் அன்று சந்தைக்குப் போயிருந்தார். பொழுது சாயத் திரும்பியவர், தன் கொல்லையின் நடுவே, கிணற்றுக்கு மேற்கே பதினைந்து முழத்தில், தலையில் ஆணி அறைந்த மரமுளை ஒன்று நிற்கக் கண்டார். அவள் அதன்மேல் கருவியை நிறுத்தி, சாலை அளப்புகளுக்கு நடுவே மற்ற நிலைகளைப் பார்த்துக் கோணங்களை எழுதிக்கொண்டு போயிருந்தாள். அவர்க்கு அது தெரியாது. தெரிந்தாலும் நம்பியிருக்க மாட்டார். அரசாங்கத்தார் முளை அடித்தால் அது எல்லை. எல்லை கிணற்றுக்கு மேற்கே. அப்படியானால் கிணறு சின்னையனுக்கு. 

ஊரில் வரப்புத் திருடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எவனும் ஒரே நாளில் வரப்பை வெட்டித் தள்ளுவதில்லை. ஆண்டுக்கு ஒரு விரற்கடை செதுக்குவான், பத்தாண்டில் ஒரு பாத்தியைத் தின்றுவிடுவான். கொளஞ்சியப்பன் அந்த நூலை நன்கு கற்றவர். பதினைந்து முழத்தையும் ஒரே நாளில் தாண்டிய முளையை எவரும் ஐயுறுவர். நாளுக்கு நான்கு முழம் கிழக்கே நடக்கும் முளையை யார் ஐயுறுவார்? நான்கு நாளில் அது கிணற்றைத் தாண்டிவிடும். மறுநாள் விடியலில், பனி விலகுமுன்னே, முளையைப் பிடுங்கி, கையால் நான்கு முழம் அளந்து, அதே ஆழத்தில் அதே நேர்மையோடு அடித்து, பழைய குழியில் மணலைத் தள்ளி, மேலே மல்லாட்டைக் கொடியை இழுத்து மூடினார். வேலை அவ்வளவு செப்பமாய் இருந்ததால், அன்று காலை அன்புமணி ஒன்றும் அறியாமல் அதே முளையின்மேல் சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்பத்தை நட்டுவிட்டுப் படகேறிப் போனான். அறிவுமதி அன்றும் அடுத்த நாளும் மற்ற ஐந்து நிலைகளில் நின்று அந்தக் கம்பத்தைப் பார்த்துக் கோணமெடுத்தாள். கம்பம் நின்றதால் முளை இரண்டாம் முறை நடக்க வழியின்றிப் போயிற்று.

ஏழாம் நாள் காலை, அவள் தனியே கொல்லைக்கு வந்தாள். கையில் குறிப்பேடு. கண் சிவந்திருந்தது.

"ஐயா, முளை நடந்திருக்கு."

"முளைக்குக் காலு இருக்குதா என்ன?"

"கெழக்கால, ஒரு மீட்டர் அறுவது சென்டி. உங்க முழத்துக்கு மூணரை முழம்."

கொளஞ்சியப்பன் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "மல்லாட்டக் கொல்லயில எலி ஜாஸ்திம்மா. தள்ளிவுட்டிருக்கும்."

"நல்ல எலிங்க. ஆணி மேல பாக்க, தூக்குக்குண்டு வச்ச மாதிரி நேரா அடிச்சிருக்கு. எங்க டிபார்ட்மென்ட்ல சேத்துக்கலாம்."

அவள் நடந்தாள். குறிப்பேட்டைப் பார்த்து, முளையிலிருந்து மேற்கே நாடாவை இழுத்து, ஓரிடத்தில் நின்று, கொடியை விலக்கி, மணலில் விரலைச் செருகினாள். விரல் வழுக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கியது. கொளஞ்சியப்பன் தன் இரு கண்ணால் அதைக் கண்டார். அவள் அந்த விடியலில் இங்கே இல்லை. ஆற்றுக்கு அப்பால் படுத்திருந்தாள். பார்த்தவர் எவரும் இல்லை, பட்டம்மாளுக்கும் தெரியாது.

அவர்க்கு ஒரே ஒரு பிடி எஞ்சியிருந்தது. தான் நகர்த்தியது நான்கு முழம். இவள் சொல்வது மூன்றரை. பொய் அங்கே இருக்கிறது! குனிந்தார், குழியில் முழங்கையை ஊன்றி, முளை வரைக்கும் அளந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. பின்பு ஒரு சாண். அவ்வளவுதான். பனிக்குளிரில் கை மடங்கி, அவசரத்தில் அவர் தாமே தம்மைத் தவறாய் அளந்திருந்தார். நகர்த்திய கையைவிட, பாராத கண்ணுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்படியே மணலில் உட்கார்ந்தார். "எப்படி?" என்று மட்டும் கேட்டார். அதில் குறும்பு இல்லை.

அவளும் எதிரே குந்தினாள். "மூணு மூலையையும் கூட்டுனா நூத்தி எண்பது வரணும். கூட்டிப் பாருங்க." குறிப்பேட்டை அவர் மடியில் வைத்தாள். கூட்டல் அவர்க்கு வரும். இந்த முளை சேராத முக்கோணங்களெல்லாம் ஒரு மயிரிழைக்குள் நூற்றெண்பதை எட்டி மூடின. இந்த முளை சேர்ந்தவை ஒன்றும் மூடவில்லை. "தப்பு எங்க இருக்குன்னு அதுங்களே சொல்லிடுச்சு. மொத நாளு முளை மேல நின்னு நான் பாத்த கோணம் ஒரு எடத்தச் சொல்லுது. அப்பறம் ஆத்துக்கு அந்தாண்டேருந்து பாத்த கோணம் வேற எடத்தச் சொல்லுது. நடுவுல மூணரை முழம்."

"சின்னையன் எல்லையத்தான நட்ட நீ?"

"எல்லையா? ஐயோ, இது நான் நிக்கிற எடங்க! கண்ண வைக்கிற எடம். எல்லை எங்கன்னு எனக்கே இன்னும் தெரியாது." பின்பு குரல் தாழ்ந்தது. "ரெண்டு நாள் பாத்ததெல்லாம் வீணாப் போச்சு. நாளன்னிக்கு விசாரணை. இது முடியலன்னா சின்னையன் எடுத்த கயித்து அளவுதான் நிக்கும். உங்க கெணறு அதுல சின்னையனுக்குத்தான்."

தன் கையாலேயே தன் கிணற்றின் வாயில் மண்ணைத் தள்ளியிருக்கிறோம் என்பது அவர்க்கு அப்போது விளங்கியது. "போலீசுக்குச் சொல்லப் போறியா?" என்றார்.

அவர் மடியிலிருந்த குறிப்பேட்டை அவள் எடுத்து மூடினாள். "நான் தேவனாம்பட்டினத்துக்காரி. கடல் உள்ள வந்தப்ப எனக்கு ஒம்போது வயசு. வூடு இருந்த எடம்னு எங்கப்பா ஒரு எடத்தக் காட்டுனாரு, சித்தப்பா வேற எடத்தக் காட்டுனாரு. செத்துப் போன எங்க ஆயா மேல ரெண்டு பேரும் சத்தியம் பண்ணாங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லலங்க ஐயா. மண்ணு மாறிப் போச்சு, அவ்ளோதான்." எழுந்து சேலையைத் தட்டினாள். "பழைய குழியில முளைய அடிச்சிட்டேன்னா இன்னிக்கே எல்லாக் கோணத்தையும் மறுபடி எடுத்துடுவேன். ஆனா கடல்காத்து எழும்புனா கம்பம் ஆடும். யாராச்சும் நேரா புடிச்சிக்கிட்டு நிக்கணும். அன்புமணி அக்கரையில வேணும்."

"நான் புடிக்கிறேன்" என்றார் கொளஞ்சியப்பன்.

படித்தோரே, உலகில் எதையும் நம்பாத ஒருவர், தான் கெடுத்த இடத்திலேயே தன்னை நட்டுக்கொண்டு நின்ற அந்தப் பகலைச் சொல்லாமல் விடல் தகாது. பனி விலகியது முதல் வெயில் சாய்ந்தது வரை, ஆணியின் தலையில் கம்பத்தின் நுனியை நிறுத்தி, கம்பத்தில் கட்டிய நீர்க்குமிழி நடுவட்டத்தை விட்டு அசையாதபடி இரு கையாலும் பற்றி, காற்று குழந்தைபோல் அவர் வேட்டியைப் பிடித்து இழுக்க, வியர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணில் கரிக்க, துடைக்கக் கையெடாமல் நின்றார். ஆற்றுக்கு அப்பால், ஒரு நெல்மணி அளவாய்த் தெரிந்த அந்தப் பெண் இந்தக் குமிழியை நம்பித்தான் கண்ணை வைத்திருக்கிறாள் என்ற எண்ணம், எவராலும் என்றும் நம்பப்படாத அந்த முதியவரின் முதுகெலும்பைக் கோலாக்கியது. பட்டம்மாள் கூழ் கொண்டுவந்து ஊட்டினாள். "கலியாணத்துல கூட இவ்ளோ நேரம் நீ அடங்கி நின்னதில்ல" என்றாள். அவர் சிரிக்கவில்லை, சிரித்தால் கம்பம் ஆடும்.

எட்டாம் நாள், வடகரையில் இரு நிலைகளுக்கிடையே உள்ள தொலைவை அறிவுமதி முதலில் கணக்கிட்டு எழுதிவைத்தாள். பின்பே நாடாவால் அளந்தாள். கொளஞ்சியப்பனைக் கூட அழைத்துப் போயிருந்தாள். தென்கரைச் சாலையில் பிடித்த ஒரு கோடு, கோணங்களின் தோள்மேல் ஏறி ஆற்றைத் தாண்டி, நானூறு முழத்துக்கு மேல் நீண்ட கோடாய் இங்கே வந்து இறங்கி, நாடாவோடு ஒரே ஒரு விரற்கடை வேறுபாட்டில் பொருந்தியது. நாடாவின் நுனியை அவரே பிடித்திருந்தார். எண்ணை அவரே படித்தார். தாயின் முகத்தைச் சேயின் முகத்தில் காண்பதுபோல் இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

அன்று மாலை அவள் எல்லையையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"கெணறு உங்க நெலத்துல இல்லங்க ஐயா. எல்லை கெணத்துக்கு மேக்கால ரெண்டு முழம் தள்ளி ஓடுது. சின்னையன் கேட்ட நாப்பது முழம் பொய். உங்க முப்பதும் பொய்."

கொளஞ்சியப்பன் குறிப்பேட்டை வாங்கி மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பின்பு, "கூட்டல் சரியாத்தான் இருந்துச்சு" என்று சொல்லி எழுந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் சிதம்பரத்தில் உசாவல். கோபுரத் தெருவின் ஆரவாரம் சாளரத்தின் வழியே உள்ளே வந்துகொண்டிருந்த அறையில், அலுவலர் வரைபடத்தை விரித்து வைத்து, கண்ணாடியைக் கழற்றினார்; மாட்டினார்; மறுபடி கழற்றினார்.

"ரெண்டு முழம்தானே வித்தியாசம்? அதுவும் பழைய கருவி, கோணத்தை மட்டும் வைத்து ஆற்றுக்குக் குறுக்கே போட்ட கணக்கு. ரெண்டு முழம் முன்னே பின்னே இருக்காதா?"

அறிவுமதி விளக்கினாள், முக்கோணங்கள் மூடியதைச் சொன்னாள், ஒரு விரற்கடையைச் சொன்னாள். அவள் சொன்னதெல்லாம் எண். எண் அவள் எழுதியது. அலுவலர் தலையசைத்தார். "உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. செயற்கைக்கோள் கருவி வரட்டும். ஓராண்டு ஆகலாம். அதுவரைக்கும் கிணறு இப்போது யார் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே இருக்கட்டும்."

ஓராண்டு! சின்னையன் பல்லைக் கடித்தார். பட்டம்மாள் கணவரின் முழங்கையை அழுத்தி, "வாயத் தொறக்காம கும்புட்டுட்டு வா" என்று உதட்டசையாமல் சொன்னாள். வழக்கு வென்றாயிற்று. வாயை மூடிக்கொண்டு படியிறங்கினால் போதும். நன்னீர் ஓராண்டு அவருடையது, ஓராண்டுக்குள் என்னென்னவோ நடக்கும். வாழ்நாள் முழுதும் அளவு பொய், அளந்தவன் பொய் என்று சொல்லி வந்த வாய் அது. இன்று அதே சொல்லை அரசே சொல்லி, அதன் பயனை அவர் மடியிலேயே கொட்டுகிறது. ஆயினும் மூலையில் நின்று தாள்களைச் சுருட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை அவர் பார்த்தார். அவள் அவரைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். முளை நடந்த கதையைச் சொன்னால் அவள் கணக்கின் கூர்மைக்கு அதைவிடச் சான்று வேறில்லை. அவள் சொல்லவில்லை.

"சாரு, அந்த அளவு சரிதாங்க."

அறை திரும்பிப் பார்த்தது.

"முன்ன பின்ன இருக்காதான்னு கேட்டீங்களே, இருக்காதுங்க. அந்தப் பொண்ணு நட்ட முளைய நான்தான் புடுங்கி நகத்துனேன். ஒரு ஈ காக்கா பாக்கல. நாலு முழம்னு நெனச்சித்தான் நகத்துனேன். இது ஆத்துக்கு அந்தாண்ட நின்னுகிட்டு மூணரைன்னு சொல்லுச்சு. அளந்து பாத்தேன். மூணரைதாங்க." மூச்சை இழுத்துக்கொண்டார். "அர முழம் எனக்கே தெரியாம இருந்தத அது கண்டுபுடிச்சிது. ரெண்டு முழத்த வுட்டுடுமா? கெணறு சின்னையனோடதுதான்."

பட்டம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.  அலுவலர் கண்ணாடியை மறுபடி மாட்டி, "அளவுக்குறியை நகர்த்துவது குற்றம். தெரியுமா பெரியவரே?" என்றார்.

"தெரியும். அதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார், எச்சரித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார், வரைபடத்தை ஏற்று முத்திரை வைத்தார். அறிவுமதி வாயிலருகே நின்று, கொளஞ்சியப்பன் கடந்து போகும்போது குனிந்து கும்பிட்டாள். அவ்வளவே.

மறுநாள் கொளஞ்சியப்பன் கிணற்றடியில் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். துளை சின்னையனுடையது, நீர் இறைக்கும் பொறி தம்முடையதல்லவா? வரப்புப் போட வந்த சின்னையன் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்.

"பதினெட்டு வருஷமா என் தண்ணியத்தான் குடிச்சிருக்க மாமா."

"உன் அக்காவும்தான் குடிச்சா. அவளக் கேளு."

"மோட்டார வுட்டு வை. கழட்டி எங்க கொண்டுபோய் மாட்டப் போற, உப்புத் தண்ணியிலயா? ஒரு நாளு நீ எறைச்சுக்க, ஒரு நாளு நான் எறைச்சுக்கிறேன்."

கொளஞ்சியப்பன் திருகியை நிறுத்தினார். மச்சானின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"எழுதிக் குடு" என்றார்.

நம்பிக்கை அவர்க்கு வந்துவிட்டதென்று எவரும் மயங்க வேண்டா. வரவில்லை, இனி வரவும் வராது. ஆள் சொன்னால் அவர் இன்றும் நம்புவதில்லை. ஆனால் உலகில் பொய்க்கும் மெய்க்கும் நடுவே, ஆளைப் பாராமல், உறவைப் பாராமல், தன்னை நட்டவளையும் பிடுங்கியவனையும் ஒரே கண்ணால் பார்த்து நிற்கிற ஒன்று உண்டென்று அவர் அறிந்துகொண்டார். அறிந்தபின்பு, அது தம்மையே வீழ்த்திய போதும் அதற்கு மாறாய்ப் பேச அவர் நாவு எழவில்லை. வெள்ளாறு இன்னும் பலமுறை பெருகும். இன்று நட்ட கற்களும் ஒருநாள் வண்டலுக்கடியில் உறங்கும். கொளஞ்சியப்பனும் சின்னையனும் அந்த மண்ணிலேயே கரைவர். அன்று எவரேனும் வந்து, எங்கே எவர் நிலம் என்று கேட்டால், ஆறு சொல்லாது. மாந்தரும் தத்தம் பக்கமே சொல்லுவர். தன் இழப்புக்குத் தானே சான்று சொல்லி நின்ற ஒருவன் இவ்வூரில் இருந்தான் என்பதை மட்டும், கேட்பார் இருந்தால், இந்தக் கதை சொல்லும்.